கரையாத துணி

எங்கள் தறி யூனிட்டின் பின்பக்கம், நூல் சுற்றி வரும் கோன் அட்டைகளைப் போட்டு வைக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு வேன் நிற்கிறது. வெள்ளை வேன். பக்கவாட்டில் மலை, சூரியன், நீளமாகப் போகும் ரோடு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். யாராவது கேட்டால் விற்றுத் தள்ளிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அந்தப் பக்கம் போவதில்லை. போனால் குமட்டுகிறது. எத்தனையோ தடவை கழுவியாயிற்று, ஒரு வாடையும் இல்லை, எல்லாம் உன் பிரமை என்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வேன் என் கொழுந்தனாரின் ஆசை. வீட்டுக்காரருக்குத் தம்பி, அமெரிக்காவில் இருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள் அங்கே போயிருந்தபோது, உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, பத்து நாள் ஒரு பழைய நெடுஞ்சாலை வழியாக எங்களைக் கூட்டிப் போனார். ஒரு காலத்தில் நாடே அந்த ரோட்டில்தான் போய் வந்ததாம். பக்கத்தில் அகலமான ரோடு வந்ததும் கடைகண்ணி எல்லாம் படுத்துவிட்டதாம். மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்க், துருப்பிடித்த கார், பாதி எழுத்து மட்டும் எரியும் லாட்ஜ் போர்டு என்று ஒவ்வொன்றுக்கும் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் பிடித்தார்கள். எங்கள் ஊரில் மூடின மில் வாசலில் போய் நின்றால் இதெல்லாம் தெரியுமே, இதற்காகவா விமானம் ஏறி வந்தோம் என்று வாய் வரைக்கும் வந்தது. விருந்தாளியாகப் போன இடத்தில் எதற்கு என்று விழுங்கிக்கொண்டேன்.

விழுங்க முடியாதது வண்டிக்குள் இருந்த கக்கூஸ். அதற்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதவு, அவ்வளவுதான். போவதெல்லாம் வண்டிக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் நிரம்பிவிடும், காகிதம்தான் என்றார்கள். எனக்கு அந்தக் கதவைப் பார்த்தாலே சோறு இறங்காது. வண்டி நிற்கும் இடத்துப் பொதுக் கழிப்பறைக்கு, கோலா பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பத்து நாளும் ஓடினேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் கொழுந்தனார் நீலக் கையுறை மாட்டிக்கொண்டு இறங்குவார். தொட்டியில் ஒரு குழாயைச் சொருகுவார், மறுமுனையைத் தரையில் அதற்கென்று இருக்கும் துளையில் விடுவார், தொட்டியைத் திறக்கும் நெம்புகோலை இழுப்பார். எல்லாம் போன பிறகு கழுவி மூடுவார். பக்கத்து வண்டிக்காரனும் அதே வேலையில் இருப்பான்; இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பேன்.

"இங்க அவனவன் அழுக்க அவனவன்தான் அள்ளணும் மதினி. அதுக்குன்னு தனியா ஆளு கெடையாது" என்றார் ஒருநாள்.

எனக்கு அவர் மேல் ஒரு மதிப்பே வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி, போகிற கல்யாண வீட்டில் எல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

போன வருஷம் அவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒரு மாத லீவில் வந்தார். நம் ஊர் ரோடும் பழைய ரோடுதான், மதுரையிலிருந்து செங்கோட்டை தாண்டிப் போகிற ரோடு, அதில் அதே மாதிரி ஒரு பயணம் போக வேண்டும் என்றார். வருவதற்கு முன்பே படம் வரைந்து அனுப்பி, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் ஒரு வேனைக் கொடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார். படுக்கை, அடுப்பு, கக்கூஸ், அடியில் தொட்டி எல்லாம் அமெரிக்க அளவு. நாலு பேருக்கு மூன்று நாள் தாங்குமாம். கையுறை மட்டும் அங்கிருந்தே ஒரு பெட்டி கொண்டுவந்து, அடுப்புக்குக் கீழே இருந்த டிராயரில் வைத்தார்.

என் மாமியார் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். "கக்கூஸும் அடுப்பும் ஒரே கூரைக்கடியிலயா? இதுல ஆக்குனத நான் தொடமாட்டேன்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். அமெரிக்கா போய் வந்தவள் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீரில் கரையும் காகிதம் இங்கே கிடைக்கவில்லை. அதற்கு வழி சொன்னவள் நான். எங்கள் யூனிட்டில் ஓடுவது ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி. வெட்டியது போக மிஞ்சும் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். காப்பி வடிகட்டுவது முதல் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவது வரை எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு பை நிறைய எடுத்து கக்கூஸுக்குள் ஆணியில் மாட்டினேன்.

"பஞ்சுதான. கரைஞ்சிரும்" என்றேன்.

இருபத்தைந்து வருஷமாக அந்தத் துணியோடு கிடக்கிறவள் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள். ஒரு நூல் பிரிந்து புண்ணில் ஒட்டினால் ஆஸ்பத்திரிக்காரர்கள் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். பிரியாமல் இருப்பதற்காகவே அதை நெய்கிறோம். அந்த நேரத்தில் அது மண்டையில் உறைக்கவில்லை.

ஏழு பேர் கிளம்பினோம். மடவார் வளாகம் சிவன் கோயிலில் சாமி கும்பிட்டு, ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு, மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் தங்கல். மறுநாள் தெற்கே திரும்பி குற்றாலம், செங்கோட்டை என்று திட்டம். செண்பகத்தோப்பு வனத்துறை கேட்டில் இருந்தவர் வேனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உள்ள ராத்தங்க விடமாட்டோம் சார்" என்று கையை விரித்தார். எனவே கேட்டுக்குக் கொஞ்சம் இப்பால், தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில், ஓடையை ஒட்டி நிறுத்தினோம்.

அமெரிக்கப் பிள்ளைகள் இரண்டும் கோயில் வாசல் பால்கோவாவை வளைத்து வளைத்துத் தின்றிருந்தன. சாயங்காலமே வயிறு கலங்கிவிட்டது. மாமியாருக்கு முழங்கால் வலி, தோப்புக்குள் நடக்க முடியாது, வேறு வழியில்லாமல் அந்தக் கக்கூஸுக்கே போனார். "ரெண்டு வாளி ஊத்துனாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்று ஊற்றினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பம்ப்செட்டில் பிடித்து வைத்த தண்ணீரை நாங்கள் எல்லோருமே ஆளுக்கு ஒரு வாளி ஊற்றினோம். காகிதத்துக்கு அளவெடுத்த தொட்டி ஒரே ராத்திரியில் நிரம்பிவிட்டது.

விடிந்து பார்த்தால் பீங்கானில் ஏறி, வழிந்து, பிளாஸ்டிக் கதவுக்கு அடியால் அடுப்பு வரைக்கும் வந்து நின்றது. இட்லி மாவுப் பாத்திரத்தின் அடி நனைந்திருந்தது. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

கொழுந்தனார் வேனுக்குப் பின்னால் போனார். குழாயை எடுத்து மாட்டி, மறுமுனையை ஓடைப் பக்கம் நீட்டினார்.

"தம்பி, அந்தத் தண்ணி கண்மாய்க்குப் போவுது. மாடு குடிக்கும், ஆளு குளிக்கும்" என்றேன்.

"எல்லாம் வயலுக்கு எருதான மதினி" என்று நெம்புகோலை இழுத்தார். அது அசையவில்லை. காலைக் கொடுத்து இழுத்ததில் பாதியில் முறிந்து கையோடு வந்தது. உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது என் துணி என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. யாராவது கையை விட்டு எடுத்தால்தான் உண்டு.

அவர் டிராயரைத் திறந்து கையுறையை எடுப்பார் என்று நின்றேன். அவர் பம்ப்செட்டுக்குப் போய் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார். "ஆள வரச்சொல்லுங்க மதினி" என்றார்.

"அங்க நீங்கதான செஞ்சீங்க?"

"அங்க ஆள் கெடையாது. இங்க இருக்காங்கல்ல."

கல்யாண வீடுகளில் நான் பேசிய பேச்செல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அசிங்கமாக இருந்தது. கழிவை உறிஞ்சும் லாரி அந்த வண்டிப்பாதையில் வராது. வேனை ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனால் லாரி வரும். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம தெருவுல நிப்பாட்டி நாலு பேரு மூக்கப் பொத்தவா? மானம் போயிரும்" என்றார்.

கடைசியில் போன் போட்டது நான்தான். யூனிட்டுக்கு எத்தனையோ தடவை கக்கூஸ் தொட்டி சுத்தம் பண்ண வந்து போனவர். என் போனில் அவர் 'செப்டிக் டேங்க்'. பெயர் கேட்டதே இல்லை.

வாளியும் மண்வெட்டியுமாக மொபெட்டில் வந்தார். என் வீட்டுக்காரரைவிட நாலைந்து வயதாவது மூத்தவர். ஓடையை விட்டுத் தள்ளி, தானாகவே ஒரு குழி வெட்டினார். தொட்டி வாயிலிருந்து குழிக்குச் சின்ன வாய்க்காலும் இழுத்தார். பிறகு சட்டையைக் கழற்றி மரத்தில் போட்டுவிட்டு வேனுக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார்.

"ஏலே, பாத்து. பெயின்ட்ல கீறல் விழுந்துராம" என்றார் வீட்டுக்காரர்.

அவர் தலையை மட்டும் வெளியே நீட்டி, "அம்மா, கைல மாட்ட ஒறை எதுவும் கெடக்கா?" என்று என்னைத்தான் கேட்டார்.

இருக்கிறது. அடுப்புக்குக் கீழே, டிராயரில். எடுக்க வேண்டுமென்றால் வேனுக்குள் ஏறி, வழிந்து கிடப்பதில் கால் வைத்து இரண்டு எட்டு போக வேண்டும். கொழுந்தனார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லையேப்பா" என்றேன்.

"சரிம்மா" என்று உள்ளே போய்விட்டார்.

முழங்கை வரை கையை விட்டார். கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு துணி வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்கள். நான் போகவில்லை. பார்க்கிற தண்டனையையாவது அனுபவிப்போம் என்று நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் கால் நகரவில்லை. கடைசித் துண்டு வந்ததும் தொட்டி மொத்தமாகக் குழியைப் பார்த்து ஓடியது. அவர் பாதி நனைந்து வெளியே வந்தார். முறிந்த நெம்புகோல் முனை மணிக்கட்டைக் கிழித்திருந்தது. ரத்தம் சொட்டியது.

பம்ப்செட்டில் குளித்துவிட்டு வந்தவரிடம், என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் பேண்டேஜ் ரோலை நீட்டினேன். ஆஸ்பத்திரிக்கு உடனே போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னேன். கொடுத்த கையோடு இரண்டு எட்டு விலகி நின்றுதான் சொன்னேன். அவர் ஒரு கையாலேயே சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல துணிம்மா இது. உள்ள அம்புட்டு நேரம் ஊறியும் ஒரு நூலு பிரியல, பாத்தீங்களா" என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். "ஆமா" என்றேன். குற்றாலம் போகாமல் அன்றைக்கே வீடு திரும்பினோம். வேனைக் கழுவி முடித்த பிறகு அந்த டிராயரைத் திறந்து பார்த்தேன். கையுறைப் பெட்டி ஒட்டியது ஒட்டியபடி காய்ந்து கிடந்தது, நுனி கூட நனையவில்லை. அதை எடுத்து வெளியே போட எனக்குக் கை வரவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது.