கடலைக்காட்டுக் கம்பி

உடன்குடிக்கு மேற்கே, செம்மணல் மேடான தேரி தொடங்கும் இடத்தில் பிரேமாவுக்கு மூன்று ஏக்கர் நிலம். கணவர் பாலகணேஷுக்குச் சென்னையில் மளிகைக் கடை. பொங்கலுக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் வந்து போவார். விவசாயம் முழுக்க இவள்தான். முருங்கைக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது ஒருமுறை மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள், அதன்பின் மருந்துக் கேனைத் தொடவில்லை. சாணமும் வேப்பம்புண்ணாக்கும்தான். நிலத்தின் மேற்குக் கோடியில் புதரை வெட்டாமல் விட்டாள். முயலும் கீரியும் மயிலும் அங்கே குடியேறின. ஞாயிறு காலைகளில் தூத்துக்குடியிலிருந்து ஆட்கள் வந்து அவளோடு தேரி ஓரமாக நடந்து அவற்றைப் பார்த்துவிட்டு, அவள் சமைத்ததைச் சாப்பிட்டுப் போனார்கள்.

புதரை ஒட்டி சுடலைக்கண்ணனின் கடலைக்காடு. காய் பிடிக்கும் நேரத்தில் பன்றிகள் வந்து கிண்டிவிடும்.

"நீ மயிலை வளக்கேன்னு பன்னியையும்லா சேத்து வளக்க" என்று அவர் சத்தம் போடுவார். பன்றிகள் அவளுடைய புதரில்தான் பகலில் படுத்துக் கிடந்தன.

பங்குனியில் ஒரு ஞாயிறு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜெரால்டும் அவர் மனைவி ஜெபசுதாவும் வந்திருந்தார்கள். ஜெபசுதா மயிலைப் படமெடுத்தபடி முன்னால் போய்விட்டாள். புதரைத் தாண்டி வந்த பிரேமா, கடலைக்காட்டு வரப்பில் நரி ஒன்று விறைத்துக் கிடப்பதைப் பார்த்தாள். அதன் வாயருகே, புல்லோடு புல்லாக, குச்சிகளில் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஜெபசுதா நின்றாள். தெரியாமலே தாண்டியிருக்கிறாள். பனியில் நனைந்த துப்பட்டா கம்பிக்குச் சற்று மேலே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"யக்கா, அசையாதீங்க! கம்பியில கரண்டு!"

ஜெபசுதா திரும்பினாள். நரியைப் பார்த்தாள். துப்பட்டாவைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அவளிடம் ஓடப்போன ஜெரால்டின் சட்டையைப் பிரேமா பிடித்து இழுத்தாள்.

சுடலைக்கண்ணனுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கரண்டு வரும் மோட்டார் ரூம் அவருடைய கடலைக்காட்டின் மறுகோடியில் இருந்தது. பிரேமா ஓடினாள். இன்னும் எங்கெல்லாம் கம்பி கிடக்கிறதோ தெரியாது. ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்து ஓட முடியவில்லை. பார்க்காமல் ஓடவும் முடியவில்லை. மணல் காலை உள்ளே இழுத்தது. பின்னாலிருந்து ஒரு அலறல் வந்துவிடுமோ என்று காது அங்கேயே இருந்தது.

இரவெல்லாம் காவல் இருந்த சுடலைக்கண்ணன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மெயினை எறக்குங்க! கம்பிக்குள்ள ஆளு நிக்கி!"

அவர் விழுந்தடித்து எழுந்து போய் ஃபியூஸைப் பிடுங்கினார். "உசுரு இருக்கா?" என்றார். பிரேமா வந்த வழியைக் கைகாட்டினாள்.

இருவரும் திரும்பி ஓடினார்கள். ஜெபசுதா நின்ற இடத்திலேயே நின்றாள். கரண்டு இல்லையென்று எத்தனை சொல்லியும் காலை எடுக்கவில்லை. கடைசியில் சுடலைக்கண்ணன் குனிந்து, வெறுங்கையால் கம்பியைப் பிடித்துப் பிய்த்து எறிந்தார். அதற்குப் பிறகுதான் அவள் மணலில் உட்கார்ந்து அழுதாள்.

"விடிஞ்சதும் அணைக்கணும்னுதாம்மா இருந்தேன். கண்ணசந்துட்டு" என்றார் அவர்.

ஜெரால்டு புகார் கொடுத்தார். வனத்துறையினர் வந்து நரியை எடுத்துப் போனார்கள். சுடலைக்கண்ணன் மேல் வழக்கு. பிரேமா பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். மாதக்கணக்கில் அவர் அவள் முகத்தில் விழிக்கவில்லை. அவளும் ஆட்களை அழைத்துப் போவதை நிறுத்திவிட்டாள். செத்தது நரியாக இல்லாமலிருந்தால் என்ற நினைப்பு சோறு அள்ளும்போதுகூட வந்தது.

அவருடைய எல்லையை ஒட்டிய புதரை மட்டும் ஆள் விட்டு வெட்டி, பன்றி தாண்டாதபடி அகழி தோண்டினாள். மழைக்குப் பிறகு மறுபடி ஆட்கள் வந்தார்கள். கையில் கம்போடு அவளே முன்னால் நடக்கிறாள். யாரையும் தன்னைத் தாண்டிப் போக விடுவதில்லை.

பன்றிகள் குறைந்தாலும் முற்றாக நிற்கவில்லை. சுடலைக்கண்ணன் இப்போது கம்பிக்குப் பதில் ராத்திரியில் வெடி போட்டு விரட்டுகிறார். வெடி கேட்டால் பிரேமா புரண்டு படுத்துத் தூங்கிவிடுவாள். கேட்காத ராத்திரிகளில்தான் அவளுக்குப் பயம்.