கண்ணாடிக்கு வெளியே ஒரு கொட்டாவி

அழுத்த அறையை இயக்குபவருக்கு ஆஸ்பத்திரியில் கொட்டாவி என்றே பெயர். சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது; கொட்டாவிதான் அவருடைய கைத்திறன். கண்ணாடிக் குழாய்க்குள் நோயாளியைப் படுக்கவைத்து, கதவை மூடி, ஆக்சிஜனை ஏற்றும்போது காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கச் சொன்னால், பயத்தில் யாருக்கும் எச்சில் ஊறாது. இவர் வெளியே நின்று நிதானமாக ஒரு கொட்டாவி விடுவார். பார்த்தவரும் விடுவார். காது திறந்துகொள்ளும்.

வீட்டில் இதற்கு மதிப்பில்லை. மனைவி பக்கத்து வீட்டு மோட்டார் சண்டையைச் சொல்லத் தொடங்கியதும் இவருக்கு வாய் பிளந்துகொள்ளும். "நான் பேசினா மட்டும் எங்கேருந்துதான் வருமோ" என்பாள்.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மஜ்ஜை கொடுக்கப் பொருத்தமான ஆள் கிடைக்காததால், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ஏற்ற முடிவாயிற்று. அவை கொஞ்சம்தான். எலும்பு மஜ்ஜையில் போய்க் குடியேறினால் பிழைப்பாள். ஏற்றுவதற்கு முன் அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுத்தால் குடியேறுவது சுலபமாகலாம் என்று டாக்டர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு அறையை இயக்க வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இவர் விடவில்லை. தலையில் எண்ணெய் இருந்தால் உள்ளே தீப்பிடிக்கும் என்பதால், வழக்கம்போல் அவள் தலையைத் தடவிப் பார்த்தார்.

"முடியே இல்ல, எண்ணெயை எங்கங்க தேய்க்கிறது?"

"எல்லாருக்கும் பாக்கிறதுதான். பேசாம படு."

கதவு மூடியது. அழுத்தம் ஏறியது. அவள் காதைத் தொட்டுக் காட்டினாள். இவர் வாயைத் திறந்தார். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தவறாமல் வந்தது, கட்டியவளுக்கு வரவில்லை. அழுத்தத்தை அப்படியே நிறுத்திவைத்தார்.

ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. "அவங்க மோட்டார் வயரை எலி கடிச்சுதா... அது நம்ம வீட்டு எலிதான்னு வந்து நின்னாங்க. எலிக்கு என்ன அடையாளம்னு நான் கேட்டேன்..."

வந்துவிட்டது. அவளும் விட்டாள், சிரித்துக்கொண்டே. காது திறந்துகொண்டது. கதை பாதியில் நின்றது.

செல்கள் குடியேறவில்லை. அதற்குள் ஒரு கிருமி முந்திக்கொண்டது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று வந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். காலில் ஆறாத புண். உள்ளே காதைப் பிடித்துக்கொண்டு விழித்தார். இவருக்குக் கொட்டாவி வரவில்லை. எலிக்கு என்ன அடையாளம் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தார். கேட்டுவைத்திருக்கலாம். அப்போது வந்தது, தாடை வலிக்க, முழுசாக.

கொட்டாவி விட்டால் கண்ணில் தண்ணீர் வரும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓட்டுநரும் ஒன்று விட்டு, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.