புகை வளைந்த இடம்

திங்கட்கிழமை காலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் ஆலை வாசல். காவலாளி முனுசாமி என் வருகை அட்டையைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம தனபாலு பூட்டாரு சார்."

"எங்கே?" என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகுதான் புரிந்தது. முழுக்கப் புரிந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. சனிக்கிழமைகூட ஒரு லாரிக்கு அடியில் அவருடைய கால்களைப் பார்த்தேன்.

தனபால் எங்கள் ஆலையின் மெக்கானிக். கள்ளிக்குப்பத்துக்காரர். வயது நாற்பத்தாறு. நெஞ்சுவலி என்கிறார்கள்.

சரக்கு அனுப்பும் பிரிவில் நான் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்த அன்று, "இன்னா படிச்சிக்கீறே?" என்றார். எம்.ஏ. என்றேன். "அப்ப உம் பேரு எம்மே." அன்றிலிருந்து அவருக்கு நான் எம்மே. கிண்டலா பிரியமா என்று கேட்டுக்கொண்டதில்லை.

அப்போது முதலாளி ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கியிருந்தார். நீளமான கார், உள்ளே ஏ.சி. தனபால் அதை மகாராணி என்பார். தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் அதைத் துடைத்துவிட்டுத்தான் கை கழுவுவார்.

ஒருநாள் அந்தக் காரில் கோப்புகளோடு என்னைத் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். முன் இருக்கை. கால் வைக்க இடமில்லை. கோப்புக் கட்டைக் காலாலேயே டேஷ்போர்டுக்கு அடியில் தள்ளினேன். 'டப்' என்று ஏதோ சத்தம். குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் ஏ.சி. காற்று முகத்தில் வரவில்லை. முதலாளி வேர்த்துக்கொண்டு இறங்கினார். என்னவென்று பார்த்துவந்து சொல்லும்படி என்னைக் கார் கொட்டகைக்கு அனுப்பினார்.

"கேஸ் பூட்ச்சு அண்ணாத்தே" என்றார் டிரைவர் அந்தோணி.

தனபால் முன்கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். "ஜில்லுனு கீது. கேஸ் எங்க போச்சு? காத்துதான் வழி மாறிப்போச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உள்ள சின்னச் சின்னக் கதவு கீது எம்மே. இன்ஜின் உறிஞ்சுற உறிஞ்சல்லதான் அது தெறக்கும். எங்கியோ ரப்பர் குழா உட்டுச்சின்னா கதவு நவுராது. காத்து கண்ணாடிக்குப் பூடும்."

இன்ஜினை ஓடவிட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கினார். ஒன்றை நசுக்கியதும் இன்ஜினின் தடுமாற்றம் நின்றது. அது காருக்குள் போகும் குழாய். காற்றுவிசிறியை அணைத்துவிட்டு ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு உள்ளே தலையை நுழைத்தார்.

"இன்னா அண்ணாத்தே, மகாராணிக்குப் பூசையா?" என்றார் சுற்றி நின்றவர்களில் ஒருவர்.

"ஆமா, சுண்டல் கூட உண்டு. எல்லாம் வாய மூடுங்க. சத்தம் கேக்கணும்."

மூடினோம். புகை நேராக மேலே போயிற்று. ஓரிடத்தில் வளைந்து உள்ளே இழுபட்டது. இருக்கைக்கு முன்னே, நான் கோப்புகளைத் தள்ளிய அதே இடம். அங்கே கழன்றிருந்த குழாயைச் செருகிவிட்டு, பச்சையாக எதையோ இழுத்தெடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாலையில் என் கோப்புக் கட்டைப் பார்த்தேன். அதன் பச்சை நாடாவில் பாதிக்குமேல் அறுந்து காணவில்லை. ஆலையில் பச்சை நாடா எங்கள் பிரிவில் மட்டும்தான். அது அவருக்குத் தெரியுமா?

முதலாளியிடம் அவர் சொன்னது: "நான்தான் சார், போன மாசம் ஒயரு மாத்தும்போது இட்ச்சிட்டேன்." நான் பக்கத்தில்தான் நின்றேன். "இனிமேல் இந்தக் காரைத் தொடாதே" என்றார் முதலாளி. தனபாலை லாரிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது.

ஒருமுறை, அம்பத்தூர் ரயில் நிலையத்தில், "அண்ணே, அந்தக் கார்…" என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் காரு எம்மே? லாரியப் பத்திக் கேளு. ஏசியும் இல்ல, ரோதனையும் இல்ல." சிரித்தார். ரயில் வந்துவிட்டது. தெரிந்து சிரித்தாரா? என்னைக் காப்பாற்றினாரா, அல்லது நிஜமாகவே தான்தான் இடித்ததாக நம்பினாரா? ஐந்து வருடமாக இரண்டு பதில்களையும் மாற்றி மாற்றி நம்பிவருகிறேன்.

செய்தி கேட்ட அன்றே போனேன். கள்ளிக்குப்பத்தில் அவர் வீடு ஒரே அறை. தலைமாட்டில் ஊதுவத்தி. அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "எம்மே வந்துகீறாரு பாரு" என்று அவரிடமே சொல்லி அழுதார். வீட்டில் என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்? புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் யாரோ விலகினார்கள். காற்று புகுந்து புகை வளைந்தது. எந்தப் பக்கம் என்று பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் கொட்டகை நண்பர்களே, அந்தக் குழாயை இடித்துக் கழற்றியவர் தனபால் அல்ல. நான்.

எல்லோரையும் வாயை மூடச் சொன்னீர்கள் அண்ணே. மற்றவர்கள் அன்றைக்கே திறந்துவிட்டார்கள். எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. போய் வாருங்கள்.