சமத்து என்று நினைத்தோம்

குட்டிமா, உனக்குப் பெயர் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் இப்படித்தான் கூப்பிட்டு எழுத முடிகிறது.

நீ பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஊரூர் குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். ஐந்தாம் நாள் உன்னைத் திரும்பக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் அக்கா எனக்குத் தலைக்கு ஊற்றினாள். மஞ்சள் அரைத்துக் கழுத்து, மார்பு, கை எல்லாம் பூசினாள். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீட்டில் அப்படித்தான். அந்த உடம்போடுதான் உன்னை அணைத்துப் பால் கொடுத்தேன்.

மறுநாள் உன் முகம் மஞ்சளாகத் தெரிந்தது.

“அக்கா, இன்னாக்கா பாப்பா ஒரு மாதிரி கீது?”

“உன் ஒடம்பு மஞ்சதான்டி ஒட்டிக்கினு கீது. இதுக்குப் போய் மூஞ்சிய இப்டி வச்சிக்கிற?”

புடவை முனையை நனைத்து உன் கன்னத்தைத் துடைத்தாள். துணியில் மஞ்சள் வந்தது. அதோடு நானும் விட்டுவிட்டேன்.

நீ அழவே இல்லை. இரண்டு வாய் குடிப்பாய், வாயில் பாலோடு தூங்கிவிடுவாய். உள்ளங்காலைச் சுண்டினால் லேசாக முகம் சுளிப்பாய், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்தாள். “எங்க வூட்டுது கத்துனா பீச்சு வரைக்கும் கேக்கும். உனுக்கு மட்டும் எப்டிடி இந்த மாதிரி சமத்து?” உன் அப்பா சிரித்தார். “என் பொண்ணாச்சே. தூங்க வுட்டா சோறே வேணாம்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் நல்ல வெயில். தூங்குகிற பிள்ளையை எழுப்பி ஆட்டோவில் குலுக்க வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்றது நான்தான்.

ஆறாம் நாள் காலையில் கத்தினாய். பசி அழுகை இல்லை. மெல்லிசாக, கீச்சென்று. தூக்கினால் முதுகை வளைத்துத் தலையைப் பின்னால் தள்ளினாய். என் மேல் கோபம் என்று நினைத்தேன். “அம்மா மேல கோவமா? இன்னா பண்ணேன், சொல்லு” என்று உன்னிடமே கேட்டேன். அப்போதுதான் கண் திறந்தாய். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். கண்ணுக்குள் யார் மஞ்சள் பூசுவார்கள்?

ஆஸ்பத்திரியில் உன் கண்ணைக் கட்டி, நீல வெளிச்சத்தில் படுக்கவைத்தார்கள். ரத்தம் மாற்றினார்கள். டாக்டரம்மா திட்டவில்லை. “அது சமத்தா தூங்கலைம்மா. காமாலை அதிகமானா குழந்தை இப்படித்தான் சோர்ந்து கெடக்கும். மூளைக்கு ஏறிட்டா கத்தும், ஒடம்பை வளைக்கும்.”

“அப்போ எம்மேல கோவம் இல்லியா டாக்டர்?”

அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

எட்டாம் நாள் நீ போய்விட்டாய்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தத் தூக்கமும் நோய், அந்த அழுகையும் நோய் என்றால், உன் குணம் எது? நாலாம் நாள் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அது நீயா, அதுவும் காமாலையா? அக்காவிடம் கேட்டால், “என் கையாலதானடி பூசுனேன்” என்று அழுகிறாள். நாளைக்குப் போகலாம் என்றவள் நான். அவளுக்கு என்ன சொல்வது?

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. என் பிள்ளைக்கு இனி வலி வேண்டாம். எங்கே இருந்தாலும் பசித்தால் அவள் நன்றாக அழ வேண்டும், யாராவது உடனே தூக்க வேண்டும் என்று எல்லாரும் ஒருமுறை வேண்டிக்கொள்ளுங்கள்.