தண்ணீருக்குக் கழிக்காத எடை

ஜெர்மனிக்கு வந்து குளிர் பழகிவிட்டது, கறுப்பு ரொட்டிகூடப் பழகிவிட்டது. தராசுக்கு எதிர்ப்பக்கம் யாரும் நிற்காததுதான் இன்னும் பழகவில்லை. லேபில் நானே நிறுத்து, நானே எழுதிக் கையெழுத்துப் போடும்போதெல்லாம், யாரோ வந்து "தள்ளு, நான் எழுதுகிறேன்" என்று சொல்லப்போவதுபோலவே இருக்கும்.

நான் செய்வது ஒரு நொதி. மனித உடம்பில் இருக்கும் புரதம்தான். அதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதைக்கொண்டே செய்விக்கிறோம். வளர்த்து, உடைத்து, வடித்துச் சுத்தம் செய்தால், சின்னக் குழாயில் தண்ணீர் மாதிரி கொஞ்சம் மிஞ்சும். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குக் கொடுக்கக்கூடாது என்று அதில் ஒட்டுவோம். வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவிடம் சொன்னபோது, "மனுசனுக்குள்ள இருக்கறத மனுசனுக்கே குடுக்க மாட்டீங்களா? நல்லா இருக்கு ஒங்க நாயம்" என்று சிரித்தார்.

போன வருடம் அந்தக் கொஞ்சமும் போதவில்லை. இன்னொரு ஆய்வுக்கூடம் கேட்ட அளவை என்னால் எட்டவே முடியவில்லை. இந்த முறையும் குறைந்தால் வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்றார் என் மேலதிகாரி கத்ரின். அதோடு என் வேலை போகும், விசாவும் போகும். பயந்து செத்தேன்.

இந்த முறை அளக்கும்போது கத்ரின் பக்கத்திலேயே நின்றார். கருவி ஓர் எண்ணைக் காட்டியது. நான் அதைவிடக் குறைத்து எழுதினேன்.

"வோ இஸ்ட் டேர் ரெஸ்ட்?" என்றார். மீதி எங்கே என்று அர்த்தம்.

திருடி என்கிறார் என்று நினைத்துவிட்டேன். "நான் எடுக்கவில்லை, அது தண்ணீருக்கு" என்று உளறினேன்.

"எந்தத் தண்ணீருக்கு?"

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, மடுவத்துக்குத்தான் ஓடுவேன். அம்மா பறித்த கொழுந்தைத் தராசில் தொங்கவிடுவார். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து, ஈரத்துக்குக் கொஞ்சம், சாக்குக்குக் கொஞ்சம் என்று வெட்டிவிட்டு எழுதுவார்; எழுதிய எடைக்குத்தான் கூலி. வெயில் கொளுத்தும் மாதத்திலும் ஈரத்துக்கு வெட்டு உண்டு. ஏன் என்று கேட்டால் மறுநாள் கொழுந்தில்லாத மலைக்கு அனுப்புவார். பட்டம் வாங்கி, கடல் தாண்டி வந்தும் அந்த வெட்டு என் கையில் தங்கிவிட்டது. குறைத்துச் சொன்னால் வம்பில்லை என்று நானே எனக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்திருக்கிறேன்!

கத்ரினுக்குப் பாதிதான் புரிந்தது. "வெறும் கரைசலை முதலில் அளந்தாயே, எதற்கு? தண்ணீரைக் கருவி ஏற்கெனவே கழித்துவிட்டது. மறுபடி ஏன் கழிக்கிறாய்?" என்றார். அது நானே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். பழைய அளவுகளைக் கருவியிலிருந்தே எடுத்து, உறைபெட்டியில் கிடந்த குழாய்களையும் சேர்த்துக் கூட்டினோம். கேட்டதற்கு மேலேயே இருந்தது. சோதித்துப் பார்த்தால், நொதி அருமையாக வேலை செய்தது. கத்ரின் என்னைக் கட்டிப்பிடித்தார். வேலை நிலைத்தது.

"அம்மா, எடைய வெட்டாம எழுதியாச்சும்மா" என்று போனில் கத்தினேன்.

"யாரு, அந்த வெள்ளக்காரம்மாவா எழுதுனாங்க?"

"நான்தாம்மா எழுதுனேன்."

அம்மா, "அப்ப இங்கயும் எழுத வைப்போம்" என்றார்.

மறுநாள் மத்தியானம் அம்மாவிடமிருந்து வீடியோ அழைப்பு. அங்கே சாயங்காலம். திரையில் மடுவம், எண் ஒளிரும் புதுத் தராசு, அதில் அம்மாவின் சாக்கு.

"என்னாங்க, நிறுக்கற எடத்துல போனு?" என்றது கணக்கப்பிள்ளையின் குரல்.

"எனக்குக் கண்ணு சரியா தெரியலைங்க, மக வாசிக்கும். சத்தமா வாசி புள்ள, எல்லாருக்கும் கேக்கட்டும்."

வாசித்தேன். கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார், தராசைப் பார்த்தார், எழுதினார். அம்மா எட்டிப் பார்த்து, "சரியா இருக்கு" என்றார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. அடுத்தவர் சாக்கைத் தொங்கவிட்டு, "எனக்கும் வாசி புள்ள" என்றார்.

கையுறையைக்கூடக் கழற்றாமல், ஜெர்மனியில் ஒரு லேப் வாசலில் நின்றுகொண்டு, வட்டகொடைக் கொழுந்தைச் சாக்குச் சாக்காக வாசித்தேன். கணக்கப்பிள்ளை நான் வாசித்தபடியே எழுதினார்.