பெயர் சொல்லிக் கூப்பிட்ட பறவை

இரத்தினபுரி பஸ் நிலையத்தில், கடலை வறுக்கும் வண்டியின் இரும்புச் சட்டியில் ஒரு கை உப்பு விழுந்து படபடவென்று வெடித்தது. கலவானை பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயமொன்றில் நான் சிறுவனாக இருந்தபோது, பொழுது சாயும் வேளையில் சாக்குருவி கத்தினால் அம்மா அடுப்புத் தணலில் இப்படித்தான் உப்பை அள்ளிப் போடுவாள். உப்பு வெடிக்கும். கதவு சாத்தப்படும். அந்தப் பறவை மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும், பதில் கொடுத்தவரைக் கொண்டுபோய்விடும் என்பது லயத்தின் நம்பிக்கை. எனவே யாரும் வாய் திறக்க மாட்டோம். சட்டியில் உப்பு அடங்கியது. கடலைக்காரர் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குத் தாளைச் சுருட்டி, நூறு ரூபாய்க்குக் கடலை கொடுத்தார். சுடச்சுட இருந்தது. தின்ன மனம் வரவில்லை.

விடியுமுன் கொழும்பில் பஸ் ஏறியிருந்தேன். இரத்தினபுரி வரை நூறு கிலோமீட்டர். அங்கிருந்து நிவித்திகலை வழியாகக் கலவானைக்கு இன்னும் நாற்பது. களுகங்கை பாதி வழி கூடவே வந்தது, தேயிலைச் சாயத்தில் பால் ஊற்றிய நிறத்தில். நான் போனது பறவைகளுக்காக. கைபேசியில் ஒரு செயலி வைத்திருக்கிறேன். பறவை கூவும் திசையில் கைபேசியைப் பிடித்தால், அது கேட்டுப் பெயர் சொல்லும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு படம் விழும். அதே பறவை மறுபடி கூவினால் அந்தப் பெயர் மஞ்சளாக ஒளிரும். கொழும்பு வீட்டு ஜன்னலில் அதை நீட்டினால் காகம், காகம், காகம். ஒரு நாளாவது அது திணற வேண்டும் என்ற ஆசையில்தான் சிங்கராஜக் காட்டின் ஓரத்துக்குப் புறப்பட்டேன்.

காலை பத்து மணி தாண்டியிருந்தது. கலவானை பஸ் நிலையத்தில் முச்சக்கர வண்டியோடு செல்வம் நின்றார். தெரிந்தவர் ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார். முப்பது வயதிருக்கும். கன்னம் ஒட்டிய முகம். சட்டை தோளில் தொங்கியது. காட்டோரத் தோட்டங்களைச் சுற்றிக் காட்டிவிட்டு மாலை பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட ஐயாயிரம் ரூபாய் என்று பேசினோம். வழியில் யாரோ கைபேசியில் கூப்பிட, "ஹரி, ஹரி, ஹவஸ எனவா", சரி, சாயங்காலம் வருகிறேன், என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் என்னிடம் தமிழுக்குத் திரும்பினார்.

"கூவுறத வச்சே பேரு சொல்லிருமா சேர்?"

"சொல்லும்."

"எத்தன பாஷ தெரியும் அதுக்கு?"

"பறவை பாஷை மட்டுந்தான்."

"எங்க கங்காணிக்கு அது ஒண்ணுதான் தெரியாது. மத்த எல்லாம் தெரியும்னு சொல்லுவாரு."

தேயிலை முடிந்து இறப்பர் தொடங்கும் வளைவில் வண்டியை நிறுத்தினார். குக்குறுவான் ஒன்று கூவிக்கொண்டிருந்தது. திரையில் பெயர் விழுந்தது. பிறகு புள்ளிப்புறா. பிறகு குண்டுக்கரிச்சான். ஒவ்வொரு பெயருக்கும் செல்வம் கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்தார். பிறகு இரு கைகளையும் வாயருகே குவித்து, குக்குறுவானைப் போலவே கூவினார். மரத்தில் இருந்தது ஏமாந்து பதில் கொடுத்தது. ஆனால் அவர் கூவியபோது திரை சும்மா கிடந்தது; பறவை பதில் சொன்னபோதுதான் பெயர் ஒளிர்ந்தது.

"என்னைய மதிக்கவே இல்லையே," என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "மனுசன் கத்துனா அதுல ஒண்ணும் வராதா?"

"வராது. மனுசக் குரல அது விட்டுரும். திரை இப்படியே சும்மா கெடக்கும்."

அதற்குப் பிறகு அவர் படம் பார்க்கக் கழுத்தை நீட்டவில்லை. மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களின் பிளாஸ்டிக் போர்வைகள் மினுங்கின. மேகம் இறங்கி இறப்பர் மரங்களுக்கிடையில் நடந்தது. நான் இன்னும் பல பெயர்களைச் சேர்த்தேன். கேட்க ஆளில்லாமல் பெயர்கள் விழுந்துகொண்டே இருந்தன.

மதியம் மழை பிடித்தது. தெருவோரத் தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். கடைக்காரம்மா எனக்குத் தேநீரும், செல்வத்துக்குக் கேட்காமலே ஒரு பனிஸ் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். "கன்ன மல்லி," சாப்பிடு தம்பி, என்று தட்டை அவர் பக்கம் தள்ளினார். செல்வம் அதை மெல்ல என் பக்கம் தள்ளினார். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். இது அடிக்கடி நடப்பது என்று தெரிந்தது.

மழையைப் பார்த்தபடியே செல்வம் சொன்னார்.

"போன வருசம் இதே மழ சேர். எங்க அண்ணன், முருகையான்னு பேரு, கலவானைக்குச் சாமான் வாங்கப் போனாரு. நாங்க எல்லாம் ஒரே லயம். அண்ணி கையாலதான் எனக்கும் சோறு. பொழுது எறங்குற நேரம், கீழ எறப்பர் மலைப் பக்கம் ஒரு சத்தம். நீட்டி நீட்டிக் கத்துது. செல்வம்னு கூப்பிடுற மாதிரி கெடந்துச்சு."

அவர் கண்ணாடிக் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"சாக்குருவி பேரு சொல்லித்தானே கூப்பிடும்? நான்தான் மொதல்ல சொன்னேன். யாரும் பதில் குடுக்காதீங்க, கதவச் சாத்துங்கன்னு. அண்ணி அடுப்புல உப்புப் போட்டாங்க. லயம் முழுக்கச் சாத்திருச்சு. காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போன ஆளுங்கதான் பாத்தது. எறப்பருக்குள்ள யாரோ களவா மாணிக்கக் குழி வெட்டிப்புட்டு, மேல பலகையப் போட்டுட்டுப் போயிருக்கான். பலகை ஊறிப்போயி... அண்ணன் குறுக்குவழியில வந்திருக்காரு. குழி நெறையத் தண்ணி."

கூரைத் தகரத்தில் மழை ஓங்கியது. என் வாய்க்குள், தின்னாத இரத்தினபுரிக் கடலையின் உப்பு இருப்பது போலிருந்தது.

"அந்தச் சத்தம் அண்ணி போன்ல இருக்கு சேர். சாக்குருவி கத்துதுன்னு அவங்க தங்கச்சிக்கு அனுப்பணும்னு புடிச்சது. எனக்குப் போட்டுக் காட்ட மாட்டேங்குறாங்க. அது பறவதானான்னு உங்க போனு சொல்லிரும்ல?"

சொல்லாது என்று சொல்லியிருக்கலாம். பெயர்கள் தேடி வந்தவன் நான். அப்போதுதான் முதல் தடவையாக ஒரு பெயருக்குப் பயந்தேன். ஆனால் அவர் அதற்குள் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகிவிட்டார்.

மாலை நாலரைக்கு லயத்தை அடைந்தோம். மழை விட்டிருந்தது. நீலச் சாயம் உரிந்த சுவர்கள், தண்ணீர்ப் பீலியில் பாத்திரம் கழுவும் சத்தம், விறகுப் புகை. முருகையாவின் மனைவி பாக்கியம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நாற்பதைத் தொட்ட பெண். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

"என்னா, இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்று செல்வத்தைக் கேட்டார். என்னைப் பார்த்து, "உள்ள வாங்க சேர். இவன் இந்த வாசல் மிதிச்சுப் பல மாசம். வண்டிக்குள்ளயே படுக்கிறான். கேட்டா வாடகை ஓட்டம் இருக்காம். நம்ம தோட்டத்துல ராவுல ஆந்தைக்குத்தான் வாடகை ஓட்டணும்."

செல்வம் தரையைப் பார்த்தார். விஷயத்தை நான்தான் சொன்னேன். பாக்கியம் கேட்டார். கையைத் துடைத்தார். சுவரில் முருகையாவின் படம், காய்ந்த மாலை. அதன் கீழ் மின்னேற்றியில் கிடந்த கைபேசியை எடுத்தார்.

"எல்லாரும் அழிக்கச் சொன்னாங்க. நான் அழிக்கல," என்றார். "எதுக்கு வச்சிருக்கேன்னு எனக்கே தெரியல சேர்."

இரண்டு கைபேசிகளையும் பலகையில் நெருக்கி வைத்தோம். அவர் ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

முதலில் மழை. ஒரு நாய். கதவின் தாழ் விழும் சத்தம். உப்பு வெடித்தது. பிறகு அது. நீண்டு, குழியின் ஈரச் சுவரில் உருண்டு, உருவம் இழந்து வந்த குரல். அதில் பெயர் இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது; யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. செல்வம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

திரை சும்மா கிடந்தது.

மறுபடி அந்தக் குரல். திரை சும்மா கிடந்தது. குரல் ஓய்ந்த இடைவெளியில், தொலைவில், இரண்டு சிறிய ஒலிகள்: ஊக், ஊக். திரையில் ஓர் ஆந்தையின் படம் விழுந்தது. வட்டக் கண்கள், பழுப்பு மார்பு.

"ஆந்த," என்றார் செல்வம். "ஆந்ததானே சேர்?"

பாக்கியம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒலியை முதலிலிருந்து மறுபடி போட்டார். இம்முறை குரலில் கவனம் வைக்காமல் திரையையே பார்த்தார். கூப்பிடும்போது ஆந்தையின் பெயர் அணைந்து கிடந்தது. சின்ன ஊக், ஊக் வரும்போது மட்டும் மஞ்சளானது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை, விலக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆந்ததான்," என்றார் செல்வத்திடம். "படமே வந்திருச்சு. அவரு விழுந்த ஒடனே போயிருப்பாரு. கத்தக்கூட நேரம் இருந்திருக்காது. போ, கையக் கழுவு. சோறு இருக்கு."

செல்வம் பீலிக்குப் போய் நெடுநேரம் கை கழுவினார். தண்ணீர்ச் சத்தம் உள்ளே கேட்டது. அதற்கிடையில் பாக்கியம் குரலைத் தாழ்த்தினார்.

"அவரு கூப்பிடயில அது எரியல, இல்லையா சேர்?"

"இல்ல."

"எனக்கு அன்னைக்கே தெரியும். எம் புருசன் கொரல் எனக்குத் தெரியாதா? உப்பு வெடிச்ச சத்தத்துல தெரியலன்னு என்னைய நானே ஏமாத்திக்கிட்டேன்." சாக்கை அவிழ்த்து மடித்தார். "அவன் கெடக்கட்டும். அவனுக்கு அது ஆந்தன்னே இருக்கட்டும். இன்னொரு உசிரு போயிறக்கூடாது."

செல்வம் வந்து உட்கார்ந்தார். சோறும் மாசிச் சம்பலும். பாக்கியம் கேட்காமல் இரண்டாம் தடவை போட்டார். செல்வம் தலை நிமிராமல், தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அவரையே பார்த்துக்கொண்டு பாக்கியம் நின்றார். வெளியே குண்டுக்கரிச்சான் பாடியது. நான் செயலியை மூடிவிட்டேன்.

கலவானைக்கு இறங்கும் வழியில் இறப்பர் மலையைக் கடந்தோம். குழி இருந்த இடத்தில் நாலு கம்பும் ஒரு சிவப்புத் துணியும். செல்வம் வேகத்தைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. எங்கள் பக்கத்து மலைகளில் குளிரில்தான் கதவைச் சாத்துவோம் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. அம்மா உப்புப் போட்ட மாலைகளில், சாத்திய கதவுகளுக்கு வெளியே உண்மையில் யார் யார் இருந்தார்கள் என்று நாங்கள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

இரத்தினபுரிக்கான கடைசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. செல்வம் என் பையைத் தூக்கி இருக்கையில் வைத்தார். பேசிய ஐயாயிரத்துக்கு மேல் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். கீழே இறங்கி, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"அந்த ஆந்தப் படத்த எனக்கு அனுப்பி வுடுங்க சேர். அண்ணிக்கு எப்பவாச்சும் சந்தேகம் வந்தா காட்டணும்."

"அனுப்புறேன்."

பஸ் நகரத் தொடங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார்.

"மனுசன் கத்துனா ஒண்ணும் வராதுன்னு காலையில சொன்னீங்கல்ல, அத மட்டும் அண்ணிக்கிட்டச் சொல்லிராதீங்க சேர்."