பதினாறு இன்ச் பிடிவாதம்

"சார், என்ன சைஸ் போடலாம்?"

தேனியில் ஒரு டயர் கடை. கேட்டவர் கடை முதலாளி. கேட்டது என் வீட்டுக்காரரிடம். அவர் கணக்கு வாத்தியார். ஸ்கூட்டரைத் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாதவர். வண்டிச் சாவியோ என் கையில். அதுவும் ஆட்டிக்கொண்டே நிற்கிறேன்!

வண்டி என்றால் கார் இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப். மயிலாடும்பாறைக்கு மேலே எங்களுக்கு ஒரு இலவந்தோப்பு இருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். தார் ரோடு முடிந்து, ஓடையைத் தாண்டி, கல்லும் சரளையுமாக ஏறுகிற பாதை. வாடகை வண்டிக்காரர்கள் ஓடைவரை வந்துவிட்டு, "இதுக்கு மேல ஏறாதுக்கா" என்று திரும்பிவிடுவார்கள். அதனால்தான் செகண்ட் ஹேண்டில் இதை வாங்கி நானே ஓட்டுகிறேன். நம்பாதவர்கள் ஓடையோரம் வந்து நின்று பார்த்துக்கொள்ளலாம்.

"பதினாறு இன்ச் ஸ்டீல் வீல். இருநூத்தி நாப்பத்தஞ்சு, எழுபத்தஞ்சு டயர்" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். பதிலை மட்டும் அவரிடம் சொன்னார்.

"சார், இப்ப எல்லாரும் பதினெட்டு இன்ச் அலாய்தான் போடுறாக. வண்டிக்கே ஒரு கெத்து. கம்பத்துலருந்து ஏலத்தோட்டக்காரக அம்புட்டுப் பேரும் இங்கனதான் வந்து மாத்திட்டுப் போறாக."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். வகுப்பில் பிள்ளைகள் புரியாமல் ஆட்டுவார்களே... அதே ஆட்டல்.

கணக்கு வாத்தியாருக்கே புரியாதபோது உங்களுக்கு நான்தானே சொல்ல வேண்டும்? 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு — டயரின் பக்கச்சுவர் அவ்வளவு உயரம். 16 என்பது நடுவில் இருக்கும் வீலின் விட்டம். மட்கார்டுக்குள் அடங்க வேண்டிய மொத்த உயரம் மாறாது. ஆகவே வீல் பெருத்தால் ரப்பர் சிறுக்கும். ரப்பர் சிறுத்தால் கல்லின் அடி நேராக வீலில் விழும். தார் ரோட்டில் ஓடுகிறவர்களுக்குப் பதினெட்டு அழகுதான், நான் குறை சொல்லவில்லை. என் பாதையில் தார் இல்லை. கெத்து காட்டலாம் என்றால், பார்ப்பதற்கு அங்கே குரங்குகளைத் தவிர ஆளும் இல்லை.

"பதினாறுதான். இல்லைன்னா வேற கடை பாக்குறேன்" என்றேன்.

"சார்?" என்றார் முதலாளி, கடைசி நம்பிக்கையாக.

"அவுக சொல்றதையே போட்ருங்க" என்றார் என்னவர். தோற்றுப்போன குரலில்!

டயர் மாட்டினார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். மாமியார் சும்மா இருப்பாரா? மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பங்குச் சாமியாரைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கவைத்தும் ஆயிற்று. வண்டிக்குப் பாதுகாப்பு பலம்தான். ஆனால் உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள்: "வீலு ஏன் இத்தன சின்னதா இருக்கு?"

இரண்டே வாரம். தோப்பிலிருந்து போன். காய் பறிக்கும் பெண்களை அழைத்து வருகிற பேச்சியம்மாள்.

"அக்கா, வருசநாட்டுப் பக்கம் மானம் கறுத்துக் கெடக்கு. காய் அம்புட்டும் களத்துல கெடக்கு. இன்னைக்கே வந்து தூக்கிட்டுப் போங்க. இல்லைன்னா ஒரு வருசப் பாடும் தண்ணியில போயிரும்."

இலவு வருஷத்துக்கு ஒரு தடவைதான் காய்க்கும். நனைந்தால் பஞ்சு கறுத்துக் கட்டிதட்டிப் போகும். வியாபாரி திரும்பியும் பார்க்கமாட்டார். இலவு காத்த கிளி என்று சொல்கிறோமே, பழத்துக்குக் காத்திருந்த கிளிக்குப் பஞ்சு வந்தது ஏமாற்றம். எங்களுக்கோ அந்தப் பஞ்சும் வராமல் போனால்தான் ஏமாற்றம்.

கிளம்பினோம். மயிலாடும்பாறையில் தெரு ஓரமாக நிறுத்தி, நாலு டயரிலும் காற்றை இறக்கினேன். ரோட்டில் முப்பத்தைந்து, மலைக்கு இருபது. காற்று குறைந்தால் டயர் கல்லின் மேல் பதிந்து பிடிக்கும். அதுவும் இலவங்காய் மூட்டை பார்க்கத்தான் மலை, தூக்கினால் காற்று. பாரமில்லாத வண்டியில் டயர் கல்லாக இருந்தால் பின்பக்கம் துள்ளும். இதற்காகத்தானே அந்த உயரமான ரப்பர்? என்னவரை வண்டியில் உட்காரவைத்துவிட்டு, பறிக்கிற பெண்களுக்குப் பரோட்டா பார்சல் வாங்கப் போனேன். வந்து, ஏறி, ஓட்டினேன்.

ஓடை ஏற்றத்தில் வண்டி துள்ளியது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி ஏறவில்லை. அப்படியே பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்தைப் பார்த்துப் போனது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

பக்கத்தில் அவர் சிலுவை போட்டுக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கே அந்த டயர் கடைக்காரர் சொன்னாரு. பெருசா போட்டிருக்கலாம்..."

இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தேன். கல்! காற்று அளக்கிற கேஜை வைத்தேன். நாற்பது.

"யாரு காத்தடிச்சது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதிர்ல இருக்குற பஞ்சர் கடைக்காரரு வந்தாரு. 'சார், நாலு டயரும் அமுங்கிக் கெடக்கு, அடிச்சு விட்ரவா'ன்னு கேட்டாரு. பாவம், நல்ல மனுசன். காசுகூட வாங்கல."

நல்ல மனுசன்தான். என்னைக் கேட்டிருந்தால் இன்னும் நல்ல மனுசன்.

முதல் தூறல் கையில் விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து, நாலு டயரிலும் மறுபடி காற்றை இறக்கினேன். ஏறி, கியரைப் போட்டு, மெதுவாக விட்டேன். வண்டி ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பிடித்து ஏறியது. துள்ளவில்லை, வழுக்கவில்லை. மேலே பேச்சியம்மாளின் கூட்டம் சாக்குகளை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியது. பேச்சியம்மாள் பக்கத்தில் நின்ற தன் மகளிடம் சொன்னாள்: "ஏ புள்ள, பாத்தியா? அக்கா வண்டியக் கொண்டாந்துட்டாக!"

கீழே வந்து, நான் கூடவே வைத்திருக்கும் சின்னப் பம்பால் காற்றை ஏற்றிக்கொண்டு, வியாபாரியின் ஷெட்டுக்குள் நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஒரு மூட்டைகூட நனையவில்லை. வியாபாரி வண்டியைச் சுற்றி வந்தார். டயரைக் குனிந்து பார்த்தார்.

"சார், பாதைக்குத் தக்கன டயரு பாத்துப் போட்டிருக்கீக. விவரமான ஆளு சார் நீங்க."

என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா?

"நன்றி!"

வீட்டுக்குத் திரும்பினோம். அல்லிநகரம் தாண்டும்போது அவராகவே, "பழக்கதோஷம்" என்றார். உண்மைதான். அவருக்கு மட்டுமா? ஊருக்கே அந்தப் பழக்கதோஷம். வண்டி யார் ஓட்டினாலும் கேள்வி சாருக்குத்தான் போகும், பாராட்டும் சாருக்குத்தான் வரும். பள்ளத்தில் விழுந்திருந்தால் மட்டும், "பொம்பள ஓட்டுனா இப்படித்தான்" என்று என் பெயருக்கு வந்து சேர்ந்திருக்கும்.

லாரிகளின் மட்கார்டில் காற்று அளவை எழுதிவைத்திருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? மறுநாளே பெயின்டரைப் பிடித்தேன். நாலு சக்கரத்துக்கு மேலேயும் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னேன்:

"காற்று — ரோட்டில் 35, மலையில் 20. டிரைவரம்மாவைக் கேட்கவும். சாருக்குத் தெரியாது."

பெயின்டர் தூரிகையைப் பிடித்தபடி என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார். "சார்... எழுதிரவா?"

"எனக்குத் தெரியாதுன்னு அதுலயே இருக்கேய்யா" என்றார் என்னவர்.

போன திங்கட்கிழமை பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிறவர் குனிந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். என்னவரைப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"எம்புட்டு வைக்கட்டும், டிரைவரம்மா?"

முப்பத்தைந்து என்றேன். பங்குக்கே கேட்கிற மாதிரி.